அப்பாவும் அப்பாவா இருந்தவரும்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். பேசப் போறது இலக்கணம். ஹெட்ஃபோனைக் கழட்டிடாதீங்க, ப்ளீஸ்.

மூணு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுல ஒரு கல்யாணப் பத்திரிகையோட ப்ரூஃப் மூணு தடவை பிரஸ்ஸுக்குத் திரும்பிப் போச்சு. கல்யாணம் எனக்குத்தான். தேதி தப்பில்ல, மண்டபம் பேரு தப்பில்ல, எழுத்துப் பிழையும் இல்ல. ‘அப்பா’ங்கற ஒரு வார்த்தையை எங்க வைக்கிறது, எப்படி வைக்கிறதுன்னுதான் சண்டை. அந்தச் சண்டை எனக்குப் புரிஞ்சதுக்குக் காரணம் ஃபின்னிஷ் மொழி. ஆமா, ஃபின்லாந்து. அதுக்கு அப்புறம் வரேன்.

நாம ஸ்கூல்ல எட்டு வேற்றுமை படிச்சோம். ஐ, ஆல், கு, இன், அது, கண்; முன்னாடி எழுவாய், கடைசில விளி. ஃபின்னிஷ்ல பொதுவா பதினஞ்சு வேற்றுமைன்னு சொல்வாங்க. பயப்படாதீங்க, நமக்கு இன்னைக்கு ஒண்ணு போதும். அதுக்கு எஸ்ஸிவ்னு பேரு. உருபு ‘னா’. ஒருத்தர் எந்த நிலைமையில இருக்காரு, எந்த வேலையைப் பார்க்குறாரு, யாரா இருக்காருன்னு சொல்ல அது.

ஃபின்னிஷ்ல டீச்சருக்கு ‘ஒபெத்தாயா’. ‘ஓலென் ஒபெத்தாயா’ன்னா நான் டீச்சர். அதுதான் என் தொழில், அதுதான் நான். ‘ஓலென் ஒபெத்தாயானா’ன்னு கடைசில ஒரு ‘னா’ சேர்த்தா, நான் டீச்சரா இருக்கேன். இப்போ, இந்த ஸ்கூல்ல, இந்த வேலையில. நாளைக்கு வேற ஏதாவதா இருக்கலாம். அதே மாதிரி ‘சைராஸ்’னா நோயாளி. ‘சைரானா’ இருக்கேன்னு சொன்னா உடம்பு சரியில்லாம படுத்திருக்கேன், திங்கக்கிழமை ஆபீஸ் வந்துடுவேன். குழந்தைக்கு ‘லப்ஸி’, ‘லப்ஸெனா’ன்னு ஒரே வார்த்தை சொன்னா போதும், ‘சின்னப் பிள்ளையா இருக்கும்போது’ன்னு அர்த்தம். நமக்கு மூணு வார்த்தை வேணும்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, வேலை போன கதை. சென்னையில ஒரு கம்பெனி, பேரு வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினஞ்சு நிமிஷ வீடியோ கால்ல எங்க டீம் மொத்தத்தையும் அனுப்பிட்டாங்க. ரூமைக் காலி பண்ணிட்டு மருங்காபுரிக்கு வந்துட்டேன். திருச்சிக்காரங்களுக்கே சில பேருக்கு எங்க ஊர் தெரியாது. மணப்பாறைக்குத் தெற்கே, துவரங்குறிச்சி பக்கம். முறுக்குன்னா மணப்பாறைதான் ஞாபகம் வரும், எங்களுக்கு அந்த அளவுக்குப் பேர் வாங்கிக் கொடுக்க எதுவும் இல்ல.

ஃப்ரெண்டு ஒருத்தி டாம்பெரேல இருக்கா. ஃபின்லாந்துல பெரிய ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. “சும்மாதானே இருக்கே, ஆப்ல ஃபின்னிஷ் கத்துக்கோ, இங்க வந்துடலாம்”னா. நான் போகல, அது வேற விஷயம். ஆனா ராத்திரி பூரா மொட்டை மாடில உட்கார்ந்து அந்தப் பச்சை ஆந்தைகிட்ட பாடம் படிச்சேன். ஒருநாள் அவ வாய்ஸ் நோட் அனுப்பினா. அவளோட ஆபீஸ்ல ஒருத்தருக்கு வேலை போயிடுச்சாம். அதைப் பத்திப் பேசினவங்க எல்லாரும் ‘த்யோத்தமேனா’ன்னாங்களாம். ‘வேலையில்லாதவரா இருக்கார்’. கடைசில அதே ‘னா’. வேலையில்லாதவர்னு முத்திரை குத்தாம, இப்போ அந்த நிலைமையில இருக்கார்னு சொல்ற ‘னா’.

எனக்கு அது எங்கேயோ பட்டுச்சு. ஏன்னா அந்த மாசம் பூரா நான் என்னைப் பத்தி எனக்குள்ள சொல்லிக்கிட்டது இங்கிலீஷ்ல. ‘ஐ ஆம் ஜாப்லெஸ். ஐ ஆம் எ ஃபெயிலியர்.’ அந்த ‘ஆம்’ இருக்கே, அது ஃபெவிக்கால் மாதிரி. அதுல ஒட்டினது வராது. எங்க அப்பாயியோ பக்கத்து வீட்டுல கேட்டப்போ சாதாரணமா சொல்லுச்சு: “புள்ள இப்ப வேலையில்லாம இருக்கு.” அவ்வளவுதான். சொல்லிட்டு வெங்காயம் உரிக்கப் போயிடுச்சு.

அப்போதான் தோணுச்சு, இது நம்மகிட்டயும் இருக்கே!

‘அவர் டீச்சர்’. இதுல வினைச்சொல்லே இல்ல. ரெண்டு பெயர்ச்சொல்லைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா முடிஞ்சது. ‘அவர் டீச்சரா இருக்கார்’. எழுத்துல ‘ஆசிரியராக இருக்கிறார்’. இங்க ‘ஆக’ வருது, ‘இரு’ வருது. பேச்சுல அந்த ‘ஆக’ தேய்ஞ்சு வெறும் ‘ஆ’ ஆயிடுச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசா இல்லன்னு நினைக்கிறீங்களா? எதிர்மறையில போட்டுப் பாருங்க. ‘அவர் டாக்டர் இல்ல’ன்னு சொன்னா போலீசுக்குப் போன் பண்ணணும், போலி. ‘அவர் இப்ப டாக்டரா இல்ல’ன்னு சொன்னா ரிட்டையர் ஆகியிருப்பார், இல்ல சினிமா எடுக்கப் போயிருப்பார். ஒரு ‘ஆ’ ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பாமக் காப்பாத்துது.

(ஒரு குழப்பம் இருக்கு. பேச்சுத் தமிழ்ல கேள்விக்கும் அதே ‘ஆ’தான். ‘நீங்க டீச்சரா?’ன்னு கேட்டா அது வினா. ‘நீங்க டீச்சரா இருக்கீங்களா?’ன்னு கேட்டா முதல் ‘ஆ’ வேற, கடைசி ‘ஆ’ வேற. தமிழ் கத்துக்குற வெளிநாட்டுக்காரங்க பாவம்.)

இந்த ‘ஆக’ எங்கேருந்து வந்துச்சுன்னு பார்த்தா இன்னும் அழகு. ‘ஆகு’ங்கற வினைச்சொல்லோட ஒரு வடிவம் அது. ‘ஆகு’ன்னா மாறுறது. அதனால நம்ம ‘ஆக’ ரெண்டு வேலை பார்க்குது. ‘டாக்டராக இருக்கிறார்’, ‘டாக்டராக ஆனார்’. இருக்குறதுக்கும் அதே, மாறுறதுக்கும் அதே. ஃபின்னிஷ்ல இது ரெண்டும் தனித்தனி. இருக்குறதுக்கு ‘னா’, மாறுறதுக்கு ‘க்ஸி’. கிழக்குப் பக்கத்து வட்டார வழக்குகள்ல மூணாவதும் உண்டு: ஒரு நிலைமையை விட்டு வெளிய வர்றதுக்குன்னே ஒரு உருபு. யோசிச்சுப் பாருங்க, ‘எக்ஸ்’ங்கறதுக்கு ஒரு வேற்றுமை!

அதே மொழிக் குடும்பத்துல எஸ்தோனியன்ல ‘னா’ அப்படியே இருக்கு. ஆனா ஃபின்லாந்து, ஸ்வீடன், நார்வேயோட வட முனையில ரெயின்டீர் மேய்க்கிற சாமி மக்கள் இருக்காங்க இல்லையா, அவங்களோட வட சாமி மொழியில எஸ்ஸிவ் ஒண்ணே ரெண்டு வேலையும் பார்க்குது. டீச்சரா இருக்குறதுக்கும் அதுதான், டீச்சரா ஆகுறதுக்கும் அதுதான். நம்ம ‘ஆக’ மாதிரியே. மருங்காபுரிக்கும் ஆர்க்டிக்குக்கும் நடுவுல இப்படி ஒரு ஒற்றுமை. எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல.

நம்ம இலக்கணக்காரங்க இதைக் கவனிக்கலையான்னா, கவனிச்சிருக்காங்க, வேற இடத்துல வெச்சு. நன்னூல்ல நாலாம் வேற்றுமைக்கு, அதாவது ‘கு’வுக்கு, சொல்ற பொருள்கள்ல ஒண்ணு ‘அதுவாதல்’. மோதிரத்துக்குத் தங்கம்னு சொல்றோமே, அந்தத் தங்கம்தான் மோதிரமா ஆகப் போகுது. அதுவே அதுவாதல். என்ன ஒரு பேரு! ‘ட்ரான்ஸ்லேட்டிவ்’னு சொல்றதைவிட இது எவ்வளவோ மேல். ‘கூலிக்காக’ மாதிரி இடத்துல வர்ற ‘ஆக’வை நாலாம் வேற்றுமையோட சொல்லுருபுன்னு ஸ்கூல்லயும் படிச்சிருக்கோம். ஆனா ‘ஆசிரியராக இருக்கிறார்’ல வர்ற ‘ஆக’வுக்குத் தனி வேற்றுமைன்னு ஒரு நாற்காலி யாரும் போடல. எட்டோட நிறுத்திக்கிட்டோம். எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

இப்போ ஒரு கேள்வி உங்களுக்கு வரும். அப்போ தமிழும் ஃபின்னிஷும் சொந்தமா? இதை 19-ஆம் நூற்றாண்டுலயே ஒருத்தர் கேட்டார். ராபர்ட் கால்டுவெல். திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில இருந்துக்கிட்டு, திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை எழுதி 1856-ல வெளியிட்டார். அதுல தமிழ் உள்ளிட்ட திராவிட மொழிகளை அவர் ‘சிதியன்’னு ஒரு பெரிய கூட்டத்தோட பக்கத்துல வெச்சார். அந்தக் கூட்டத்துல ஃபின்னிஷும் உண்டு, துருக்கியும் உண்டு. ரெண்டு பக்கமும் ஒட்டு மேல ஒட்டு சேர்த்து வார்த்தையை நீட்டுற பழக்கம், அது அவர் கண்ணுல பட்டிருக்கு. இன்னைக்குப் பெரும்பாலான மொழியியல்காரங்க அந்த உறவை ஏத்துக்கறதில்ல. ஒட்டுச் சேர்க்கறது உலகத்துல பல மொழிகள் தனித்தனியா கண்டுபிடிச்ச வித்தை. அதனால வாட்ஸ்அப்ல ‘ஃபின்லாந்து மொழி தமிழிலிருந்து வந்தது’ன்னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, என் பேரைச் சொல்லி.

சொந்தம் இல்லன்னாலும் போக்குவரத்து உண்டு. சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால இருக்குறது ஒரு திராவிட மொழின்னு வாதாடுற அஸ்கோ பர்போலா ஹெல்சின்கிக்காரர். மீன் வடிவத்துல இருக்குற குறியை ‘மீன்’னு படிச்சு, அதையே விண்மீன்னும் எடுத்துக்கலாம்னு சொன்னவர். 2010-ல கோயம்புத்தூர் செம்மொழி மாநாட்டுல அவருக்குத்தான் கலைஞர் மு. கருணாநிதி செம்மொழித் தமிழ் விருது கொடுத்தாங்க.

சரி, ஊருக்கு வருவோம். எங்க ஊரைப் பத்தி நாலு வாக்கியம் பேசினா நாலுலயும் இந்த ‘ஆ’ வந்துடும். மருங்காபுரி பாளையமா இருந்துச்சு. அப்புறம் ஜமீனா இருந்துச்சு. 1948-ல எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து அது முடிஞ்சுது. அப்புறம் சட்டமன்றத் தொகுதியா இருந்துச்சு. சாதாரணத் தொகுதி இல்ல. 1989 மார்ச்ல இங்கயும் மதுரை கிழக்குலயும் நடந்த இடைத்தேர்தலைப் பத்திப் பெரியவங்க இன்னும் பேசுவாங்க. ரெண்டா உடைஞ்ச அ.தி.மு.க. ஒண்ணா சேர்ந்து, இரட்டை இலையைத் திரும்ப வாங்கி, ரெண்டு இடத்துலயும் ஜெயிச்சுது. அப்புறம் 2008 தொகுதி மறுசீரமைப்புல மருங்காபுரித் தொகுதியே காணாமப் போச்சு. 2006-தான் கடைசிப் பொதுத்தேர்தல். இப்போ தாலுகாவா இருக்கு. பாளையமா, ஜமீனா, தொகுதியா, தாலுகாவா. ஊர் அதேதான், வெயிலும் அதேதான்.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. எஸ்ஸிவ்னா தற்காலிகம், ‘ஆக’ன்னா தற்காலிகம், முடிஞ்சுதுன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தேன். அதுல ஓட்டை இருக்கு. ‘அவன் உயரமா இருக்கான்’. நாளைக்குக் குள்ளமாயிடுவானா? ‘வானம் நீலமா இருக்கு’. ‘கடல் பெருசா இருக்கு’. பண்பைச் சொல்லணும்னாலே தமிழ்ல பெரும்பாலும் ‘ஆ’ போட்டுத்தான் ஆகணும். அதனால ‘ஆக’வுக்குள்ள ‘தற்காலிகம்’னு அர்த்தம் எதுவும் ஒளிஞ்சு இல்ல. ‘டீச்சர்’னும் சொல்லலாம், ‘டீச்சரா இருக்கார்’னும் சொல்லலாம்னு ரெண்டு வழி திறந்திருக்கிற இடத்துல, நாம ரெண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அந்த இடைவெளி தெரியுது. ஃபின்னிஷ்லயும் ‘னா’ எப்பவும் தற்காலிகம் இல்ல. ‘மானந்தைனா’ன்னா திங்கக்கிழமையில. நாளுக்கும் அதே உருபு. ‘கொத்தோனா’ன்னா வீட்டுல. இது ரொம்பப் பழசு. அந்த ‘னா’ ஒரு காலத்துல இடத்தைக் காட்டுற உருபா இருந்திருக்கு, அதோட மிச்சம்தான் இந்த மாதிரி சில வார்த்தைகள்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. இடத்துல இருக்குறது, மெதுவா நிலைமையில இருக்குறதா மாறியிருக்கு.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம ‘இரு’ ஞாபகம் வந்துச்சு. ‘இருங்க, வரேன்’னா காத்திருங்கன்னு அர்த்தம். பழைய தமிழ்ல ‘இரு’ன்னா உட்கார். இருக்கைன்னு இன்னும் சொல்றோமே. ஃபின்னிஷ்ல இடம் உருபுல இருந்துச்சு, நமக்கு வினைச்சொல்லுல இருக்கு. ‘டீச்சரா இருக்கார்’னா டீச்சர்ங்கற இடத்துல உட்கார்ந்திருக்கார். எத்தனை நேரம்னு அந்த வாக்கியம் சொல்றதில்ல. எழுந்து போகலாம்னு மட்டும்தான் தெரியுது. போகாமலும் இருக்கலாம்.

இப்போ பத்திரிகைக்கு வரேன்.

எங்க அப்பா இறந்தப்போ எனக்கு நாலு வயசு. முகம் போட்டோவுல தெரிஞ்சதுதான். அதுக்கப்புறம் எங்களைப் பார்த்துக்கிட்டது சித்தப்பா. துவரங்குறிச்சியில பஞ்சர் கடை. என்னைப் பள்ளிக்கூடத்துல விட்டது, காய்ச்சல்ல மணப்பாறை ஆஸ்பத்திரியில ராத்திரி முழிச்சது, திருச்சியில காலேஜ் சேர்க்கப் போறப்போ கை மையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினது எல்லாம் அவர். ஒவ்வொரு ஃபாரத்துலயும் ‘தந்தை அல்லது பாதுகாவலர்’னு ஒரு கோடு இருக்கும். அதுல ‘தந்தை’யை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுவார். எனக்கு அந்த அடித்தல் பிடிக்காது. சின்ன வயசுல ஒருதடவை அழுதிருக்கேன்.

கல்யாணம் முடிவானப்போ நான் பிரஸ்ஸுல சொல்லிட்டேன், பெண்ணோட தகப்பனார்னு சித்தப்பா பேரைப் போடுங்கன்னு. ப்ரூஃப் வந்துச்சு. சித்தப்பா பார்த்துட்டு ஒண்ணும் பேசாமப் பேனா எடுத்து அடிச்சார். மேல அப்பா பேரை எழுதி, முன்னாடி ‘அமரர்’ போட்டார். தன் பேரைக் கீழ, ‘அன்புடன் அழைக்கும்’ல, சித்தி பேரோட சேர்த்துப் போட்டார். நான் திரும்ப மாத்தினேன். அவர் திரும்ப அடிச்சார். மூணாவது தடவை நான் கத்திட்டேன். “இருபத்தி நாலு வருஷமா நீங்கதானே அப்பா? இதுல எதுக்கு வெட்கம்?”

அவர் டியூபைத் தண்ணித் தொட்டியில முக்கி ஓட்டை தேடிக்கிட்டு இருந்தார். தலையைத் தூக்கல. “பாப்பா, உங்கப்பா எங்கண்ணன். அது மாறுமா? நான் சித்தப்பன். அப்பாவா இருந்தேன். இருக்கேன். அதுக்கு மேல எதுக்கு ஆசைப்படணும்?”

நான் அப்படியே நின்னுட்டேன். ஒரு பக்கம் தொண்டை அடைக்குது. இன்னொரு பக்கம் மண்டைக்குள்ள ஆப்போட ஆந்தை ‘னா, னா’ன்னு கத்துது. என்ன ஜென்மமோ நான்.

அதுக்கப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன். ‘அவர் என் அப்பா’ன்னு சொல்ல அவர் எதுவும் செய்ய வேண்டியதில்ல. எங்க அப்பா எதுவும் செய்ய முடியாமலே, போட்டோவுல மாட்டியிருந்தே, அப்பாதான். ‘அப்பாவா இருக்கார்’னு சொல்லணும்னா தினம் காலையில எழுந்து இருக்கணும். ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும், ஃபீஸ் கட்டணும், கையைக் கழுவணும். வேலையில்லாம மொட்டை மாடில கிடந்தப்போ எனக்கு ஆறுதல் கொடுத்த அதே ‘ஆ’தான் இது. ‘எப்ப வேணா எழுந்து போகலாம்’னு அன்னைக்குச் சொல்லுச்சு. இவரோ எழுந்து போகல. இலக்கணப் புத்தகத்துல ‘தற்காலிக நிலை’ன்னு போட்டிருக்கிற இடத்துல ஒருத்தர் இருபத்தி நாலு வருஷம் உட்கார்ந்திருக்கார்.

டாம்பெரே ஃப்ரெண்டுகிட்ட இதைச் சொன்னேன். அவளோட ஃபின்னிஷ் டீச்சர்கிட்ட கேட்டாளாம், ‘அப்பா’வுக்கு அந்த உருபு போடலாமான்னு. போடலாமாம். ‘இசா’ன்னா அப்பா, ‘இசானா’ன்னா அப்பாவா. தகப்பனா இருந்து பார்த்துக்கிட்டவரைப் பத்திப் பேசும்போது இது இயல்பா வரும்னு சொன்னாராம்.

பத்திரிகை சித்தப்பா சொன்ன மாதிரியேதான் அச்சாச்சு. மேல அப்பா பேரு, கீழ அவர் பேரு. தாரை வார்க்கிறப்போ சாஸ்திரிகள் நிமிர்ந்து, “பொண்ணோட அப்பா யாரு, முன்னாடி வாங்கோ”ன்னார். சித்தப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வந்து உட்கார்ந்தார்.

உங்க வீட்டுலயும் இப்படி யாராவது எதுவாவோ இருந்திருப்பாங்க. அம்மாவா இருந்த அக்கா, அண்ணனா இருந்த பக்கத்து வீட்டுக்காரர். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேரு வேண்டாம், என்னவா இருந்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறேன். இப்போ கீழ சித்தப்பா கூப்பிடறார், மோட்டார் போடணுமாம். வரேன்.